மரக்காணம் உப்பளத்தில் ஒரு மெக்கெலே சாப்பாடு

மரக்காணம் உப்பளத்துக்குப் பொதுவாக போட்டோ எடுக்கத்தான் போவார்கள். போன மார்ச்சில் நான் போனது, இறந்துபோன ஒரு அம்மாவுக்கு நாற்பதாம் நாள் சாப்பாடு போட. கூட வந்தவர் அவருடைய மகன் கெப்ரே. எத்தியோப்பியாவில் மெக்கெலே ஊர்க்காரர், புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவர். அம்மா இறந்தபோது விசா புதுப்பிப்பில் மாட்டிக்கொண்டு போக முடியவில்லை.

மெக்கெலேயில் நான் மூன்று வருஷம் ஆசிரியராக இருந்தபோது அவர்கள் வீட்டில்தான் குடியிருந்தேன். டைஃபாய்டு வந்து படுத்தவனைக் கஞ்சி வைத்துத் தேற்றியவர் அந்த அம்மா. பதிலுக்கு நான் ஒன்றும் செய்ததில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர்கள் வழக்கப்படி நாற்பதாம் நாள் ஆட்களைக் கூட்டிச் சாப்பாடு போட்டால்தான் போன உயிருக்கான வேண்டுதல் நிறைவேறும். பெரிய தட்டில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, எல்லாரும் அதிலிருந்தே சாப்பிட வேண்டும். அம்மா உப்பு வியாபாரி. பாலைவனத்திலிருந்து ஒட்டகத்தில் பாளம் பாளமாக வரும் உப்பைச் சந்தையில் விற்று மகனைப் படிக்க வைத்தவர். முன்னொரு காலத்தில் அந்தப் பாளங்களே அங்கே காசாகச் செல்லுபடியானதாம். அதனால் உப்பில் பாடுபடுகிறவர்களுக்குத்தான் போட வேண்டும் என்றார் கெப்ரே. உப்பள முதலாளி ஒருவர் எனக்குப் பழக்கம், கேட்டதும் சரியென்றார்.

இன்ஜெரா என்பது அவர்கள் ஊர் தோசை, ஒரு முறம் அகலம் இருக்கும். அதற்கான தானியம் இங்கே கிடைக்காததால் கேழ்வரகு மாவை மூன்று நாள் புளிக்க வைத்துச் சுட்டோம். முதல் எட்டும் கிழிந்து தொலைந்தன. தொட்டுக்கொள்ளக் காரமான கடலை மாவுக் குழம்பு.

புதுச்சேரியில் காலை 6.10க்குச் சென்னை பஸ். 35 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஆளுக்கு 40 ரூபாய். மரக்காணத்தில் இறங்கி ஆட்டோ, 120 ரூபாய்.

“உப்பளத்துல இன்னா சார், பிக்னிக்கா?” என்றார் ஆட்டோக்காரர். விஷயத்தைச் சொன்னேன். இறங்கும்போது பாத்திரங்களை அவரே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்கு ஆறு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கொட்டகை நிழலுக்கு வந்தார்கள். தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். மூத்தவரான கன்னியம்மா கேட்டார்: “இன்னா சார், அத்தினி பேருக்கும் ஒரே தட்டா? எச்சில் ஆயிடாது?”

என் புத்தியை என்ன சொல்வது! மூன்று வருஷம் அங்கே சாப்பிட்ட பழக்கத்தில் எச்சில் என்ற ஒன்றே எனக்கு மறந்துபோயிருந்தது. பேப்பர் தட்டு வாங்கி வரட்டுமா என்று கெப்ரேயிடம் கேட்டேன். முகம் வாடிப்போய்த் தலையாட்டி மறுத்தார். “தனித்தனியா சாப்பிட்டா அம்மாவுக்குப் போய்ச் சேராது” என்றார் தன் தமிழில். ஒருத்தி தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தாள். அம்மா சாவுக்கு அவரால் ஊருக்குப் போக முடியாததை அந்தப் பெண்களிடம் சொன்னேன்.

“பெத்தவ மூஞ்சிய நீ பாக்கவே இல்லியாப்பா?” என்றார் கன்னியம்மா.

“இல்லம்மா.”

அவர் கையைக் கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். “வாங்கடி. ஒரு நாளு எச்சில் துன்னா இன்னா ஆயிடப் போவுது?” நகர்ந்தவளும் திரும்பி வந்தாள்.

கெப்ரே முதல் வாயை உருட்டி நேராகக் கன்னியம்மாவின் வாய்க்கே கொண்டு போனார். மரியாதைக்குரியவருக்கு ஊட்டிவிடுவது அவர்கள் வழக்கம். கன்னியம்மா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

“கேவுரு தோச மாதிரிதான் இருக்குது. உப்புதான் கம்மி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவரும் ஒரு வாய் உருட்டி, “நீயும் துன்னு ராசா” என்று கெப்ரேவுக்கு ஊட்டினார்.

மென்றுகொண்டே கெப்ரே உடைந்து அழுதார். இந்த நாற்பது நாளில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர்கள் ஊரில் துக்க வீட்டில் தனியாக அழ விடமாட்டார்கள், வந்தவர்கள் எல்லாம் கூட உட்கார்ந்து அழுவார்கள். இங்கே அவருக்கு யாருமில்லை. அழாதே என்று இந்தப் பெண்களும் சொல்லவில்லை. ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அடுத்தவள் விசும்பினாள், அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அந்த ஆறு பேருக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்?

போகிறவர்களுக்கு: பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை சரியான காலம். ஏழு மணிக்குள் போய்விடுங்கள், பத்துக்கு மேல் வெயிலில் கண் கூசும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். பாத்திகளின் வரப்பில் அனுமதி கேட்டுவிட்டு நடங்கள்.

திரும்பும் பஸ்ஸில் கெப்ரேவின் அக்கா போனில் வந்தார். அவர்கள் பாஷை எனக்குக் கொஞ்சம் புரியும். “கூட உட்கார்ந்து யாராவது அழுதார்களா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“ஏழு பேர்” என்றார் கெப்ரே. என்னையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.