அத்தானின் ஆடித் தள்ளுபடியும் அக்காவின் கப்பலும்

இரண்டு மாதமாக இந்த விஷயத்தைப் பேப்பரில் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிவு தெரியாமல் எழுதினால் அக்கா அடிப்பாள். எழுதாமல் இருந்தாலோ எனக்குத் தலை வெடிக்கும். ஒருவழியாகப் போன வாரம் முடிவு தெரிந்துவிட்டது. இனி என்னை யார் தடுக்க முடியும்?

எல்லாம் ஒரு விளம்பரத்தில் ஆரம்பித்தது.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கம் முழுக்கக் கடல்! நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு சொகுசுக் கப்பல். மேலே கொட்டை எழுத்தில், 'பாதி விலை! ஞாயிறு வரை மட்டுமே!' சென்னையில் ஏறினால் நாலு நாள் கடலைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்களாம். ஆளுக்கு அறுபதாயிரம் என்பதைக் குறுக்கே அடித்துவிட்டு, முப்பதாயிரம் என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே, பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத பொடி எழுத்தில் ஏதேதோ...

பக்கத்தைப் புரட்டுவதற்குள் போன் அடித்தது. அக்கா.

"ஏலே, பேப்பர் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"கப்பலு!"

அந்த ஒரு வார்த்தைதான். ஐம்பதைத் தாண்டிய பெண்மணியின் குரல் அது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டைக்குப் பக்கத்து வண்ணார்பேட்டையில் அத்தானுக்கு ஜவுளிக்கடை. கல்யாணமான மறு வருஷமே அக்கா கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் கண்ணுக்கு எதிரே இருப்பது ஒரு சுவர். கடல் பார்த்ததே இல்லையா என்றால், பார்த்திருக்கிறாள். திருச்செந்தூரில். சாமி கும்பிட்டுவிட்டுக் காலை நனைப்பதற்குள், "நேரமாச்சு, கடை திறக்கணும்" என்று அத்தான் கார் சாவியை ஆட்டுவார். அதோடு சரி.

"கரையே தெரியாத இடத்துல ஒருநாள் நிக்கணும்லே" என்பாள் என்னிடம். "அங்கன யாரும் வந்து, 'அக்கா, சில்லறை இருக்கா'ன்னு கேக்க மாட்டாவ பாத்துக்கோ."

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. வருஷக்கணக்கான ஆசை. இந்த விளம்பரத்தைப் பார்த்ததும் அத்தானிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

அங்கேதான் சிக்கல். எங்கள் அத்தான் கஞ்சர் இல்லை. ஆனால் 'தள்ளுபடி' என்று எவர் சொன்னாலும் நம்ப மாட்டார். செருப்புக்கடை, செல்போன் கடை, எதுவானாலும் சரி. தள்ளுபடி போர்டைப் பார்த்தால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நடையைக் கட்டுவார். ஏன் தெரியுமா? வண்ணார்பேட்டையிலேயே பெரிய ஆடித் தள்ளுபடி போடுகிறவரே அவர்தான்! ஆனி மாதக் கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டு, கடைக்குள் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை என்ன மாதிரி நடக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை. வாசகர்கள் புத்திசாலிகள். பாம்பின் கால் பாம்பறியும்.

அத்தான் ஒரு நிபந்தனை போட்டார்.

"கப்பக்காரன் குடுக்கது நெசமான தள்ளுபடிதான்னு உன் தம்பி விசாரிச்சுச் சொல்லட்டும். உடனே டிக்கெட் எடுப்போம். பொய்யின்னு தெரிஞ்சா, இந்த வீட்ல இனி கப்பப் பேச்சே எடுக்கப்படாது. ஆயுசுக்கும்."

அக்கா ஒத்துக்கொண்டாள்! ஏனென்றால் அவளுக்கு என்மேல் நம்பிக்கை. அத்தானுக்கும் என்மேல் நம்பிக்கை. பேப்பரில் எழுதுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைக்கிற மனிதர் இந்தக் காலத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

சனிக்கிழமை காலையிலேயே பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் போய் உட்கார்ந்தேன். கவுன்ட்டரில் ஜெனிட்டா என்று ஒரு பெண். சிரித்த முகம். கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னாள்.

"முப்பதாயிரம்தானே?"

"அது டிக்கெட் மட்டும் சார். டாக்ஸ், துறைமுகக் கட்டணம், சர்வீஸ் சார்ஜ் எல்லாம் தனி."

கால்குலேட்டரைத் தட்டினாள். நாற்பதைத் தொட்டது.

"வேற என்ன சலுகை இருக்கு?"

"நிறைய இருக்கு சார்! குழந்தைக்கு டிக்கெட் ஃப்ரீ."

அக்காவின் 'குழந்தை' பெங்களூரில் தாடியோடு வேலை பார்க்கிறது.

"டிரிங்க்ஸ் கூப்பன் ஃப்ரீ. காசினோ கூப்பன் பாதி விலை. மசாஜுக்கும் பாதி விலை."

அத்தான் வெள்ளிக்கிழமை காபி கூடக் குடிக்காமல் விரதம் இருப்பவர். அக்கா ஆடுபுலி ஆட்டத்தில்கூடப் பந்தயம் கட்டாதவள். இந்தக் கூப்பன்களை எல்லாம் சேர்த்து, 'உங்களுக்கு மிச்சம் இவ்வளவு' என்று கொட்டை எழுத்தில் ஒரு தொகை வேறு! நமக்கு வேண்டவே வேண்டாத பொருள் பாதி விலைக்குக் கிடைத்தால், பாதி மிச்சமா... பாதி நஷ்டமா?

கடைசியாக ஒன்று கேட்டேன். "ரூம்ல ஜன்னல் பெருசா இருக்கும்லா?"

ஜெனிட்டாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "இந்த ஆஃபர்ல ஜன்னல் கிடையாது சார். இது உள்பக்க ரூம். நாலு பக்கமும் சுவர்தான்."

கல்லாவுக்கு எதிரேயும் சுவர், கப்பலுக்குள்ளேயும் சுவர் என்றால் அக்கா எதற்குக் கப்பலேற வேண்டும்?

சரி, அடிப்படைக் கேள்விக்கு வருவோம் என்று வெளியே வந்து சேவியருக்குப் போன் போட்டேன். சேவியர் என்னோடு காலேஜில் படித்தவன். உவரிக்காரன். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. இதே கப்பலில் சித்திரை மாதம் அப்பா அம்மாவை அனுப்பி வைத்தவன்.

"சேவியரே, உங்க அப்பா அம்மாவுக்கு ஆளுக்கு எவ்வளவு ஆச்சு? அறுபதா?"

"அறுபதா? எவம்லே குடுப்பான் அறுபது! எல்லாம் சேத்து நாப்பதுதான் ஆச்சு."

"அப்பவும் பாதி விலையா?"

"இல்ல, அப்ப 'கோடைத் திருவிழா'ன்னு போட்டிருந்தான். அதுக்கு முன்னால 'புத்தாண்டு தமாக்கா'. இப்ப 'பாதி விலை'ங்கான். சேல் போடாத நாள் ஒண்ணைக் கண்டுபிடிச்சுச் சொல்லு, ஒனக்கு ஒரு வஞ்சிரம் வாங்கித் தாரேன்."

போச்சா! குறுக்கே அடித்த அந்த அறுபதாயிரத்துக்கு யாராவது, என்றைக்காவது, ஒரு டிக்கெட்டாவது வாங்கியிருப்பார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. அடிப்பதற்காகவே பிறந்த விலை அது.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி முழுக்க, அக்காவுக்காக ஒரு பொய் சொன்னால் என்ன என்று புரண்டு கொண்டிருந்தேன். 'நெசமான தள்ளுபடிதான் அத்தான்.' மூன்றே வார்த்தை. அக்கா கப்பலேறிவிடுவாள். ஆனால் அத்தான் வியாபாரி. கப்பலில் கூட வருகிற நாலு பேரிடம் விலை விசாரித்தால் கதை கந்தலாகிவிடும். அதற்கப்புறம் அக்கா எதை ஆசைப்பட்டுக் கேட்டாலும் நம்ப மாட்டார்.

ஞாயிறு சாயங்காலம் கடைக்குப் போனேன். ஆடிக் கூட்டம் அலைமோதியது. வாசலை அடைத்துக்கொண்டு பேனர், 'ஆடி அதிரடி! பாதி விலை!' கல்லாவில் இருந்தபடியே அக்கா என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"சொல்லும் மாப்ளே" என்றார் அத்தான்.

சொன்னேன். அறுபது என்பது சும்மா. எப்பவுமே நாற்பதுதான். தள்ளுபடி இல்லை. ஜன்னலும் இல்லை.

அத்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "பாத்தியா? நான் அப்பமே சொல்லலை? ஊரை ஏமாத்துற பய!" என்று தொடையைத் தட்டினார்.

அக்கா என் முகத்திலிருந்து பார்வையை எடுத்தாள். தலையைக் குனிந்து நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். இப்படி ஒரு உண்மையைச் சொல்வதற்கா பேப்பரில் எழுத வந்தேன்?

அந்த நேரத்தில் களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, கையில் மயில் கழுத்துக் கலர் சேலையோடு அத்தானிடம் வந்தார்கள்.

"அண்ணாச்சி, நெசமாவே இது பாதி விலையா? இல்ல சும்மா பேருக்குப் போட்டிருக்கியளா?"

அத்தான் அசரவில்லை. எத்தனை ஆடி பார்த்தவர்! "தாயி, அடிச்ச விலைய விடுங்க. சேலையப் பாருங்க. தொட்டுப் பாருங்க. நீங்க குடுக்குற காசுக்கு இந்தச் சேலை தகுமா, தகாதா? அத மட்டும் சொல்லுங்க."

அந்த அம்மா தொட்டுப் பார்த்தார்கள். முந்தியை விரித்துப் பார்த்தார்கள். "தகும்" என்றார்கள். பில் போடக் கல்லாவுக்கு வந்தார்கள்.

அக்கா பில் போடவில்லை. எழுந்து நின்றாள்.

"என்னங்க."

கடையில் அவள் அத்தானை அப்படிச் சத்தமாகக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"அடிச்ச விலைய விடுங்க. கப்பலைப் பாருங்க. நாம குடுக்குற காசுக்கு அந்தக் கடல் தகுமா, தகாதா? அத மட்டும் சொல்லுங்க."

அத்தான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"தள்ளுபடி பொய்யின்னா பொருளே வாங்கப்படாதுன்னு சொல்லுதிய. அப்ப வாசல்ல என்னத்துக்கு அவ்வளவு பெரிய பேனரு? பேனரை இறக்குதியளா... கப்பல்ல ஏறுதியளா?"

முதலில் வாயைத் திறந்தது அந்தக் களக்காட்டு அம்மாதான்.

"அக்கா சொல்லுதது நியாயம்தான அண்ணாச்சி?"

விசிலடிக்காத குறையாக நின்றேன் நான்! அத்தான் பேனரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் அக்காவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த முகத்தை அவர் அப்படி நின்று பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ. பிறகு பைய என் பக்கம் திரும்பி, "மாப்ளே, அந்த டிராவல்ஸ்காரப் பொண்ணு நம்பரு இருக்கா?" என்றார்.

திங்கள்கிழமை காலையில் மூன்று பேருமாகப் போனோம். 'ஞாயிறு வரை மட்டுமே' முடிந்துபோயிருக்குமே என்று அக்காவுக்குக் கவலை. பேப்பரைக் காட்டினேன். 'மக்களின் பேராதரவால் மேலும் ஒரு வாரம் நீட்டிப்பு!' அத்தான் அதைப் படித்துவிட்டு, "நம்ம ஆளுதாம்வே" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

ஜெனிட்டா மெதுவாக ஒரு விஷயம் சொன்னாள். புரட்டாசியில் ஸ்கூல் எல்லாம் திறந்திருக்கும். வாரத்தின் நடுவில் கிளம்புகிற கப்பலில் கூட்டமே இருக்காது. அதில் ஜன்னல் வைத்த ரூமே கிட்டத்தட்ட இதே காசுக்குக் கிடைக்கும்.

"எவ்வளவு கழிச்சிருக்கு?" என்றார் அத்தான், பழக்க தோஷத்தில்.

"கழிக்கலை சார். விலையே அதான்."

அடிக்காத விலை ஒன்றை அத்தான் அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். இரண்டு தடவை திரும்பக் கேட்டுக்கொண்டார்.

கவனித்தீர்களா? உண்மையாகவே காசு மிச்சமாகிற இடத்துக்கு விளம்பரமே இல்லை! கொட்டை எழுத்து இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. ஊர் போகாத நாளில் போகிறவனுக்குக் கப்பல்காரன் சத்தமில்லாமல் குறைக்கிறான். ஊரே போகிற நாளில் சத்தமாகக் 'குறைக்கிறான்'. கப்பலோ சேலையோ, எவ்வளவு குறைத்தாய் என்று கேட்காதீர்கள். கடைசியில் என் கையிலிருந்து எவ்வளவு போகும், அதற்கு என்ன வரும் என்று கேளுங்கள். ஜன்னல் உண்டா என்றும் மறக்காமல் கேளுங்கள்.

அப்புறம்? போன வாரம் சாயங்காலம் போன் வந்தது. காற்று இரைச்சலில் பாதி வார்த்தை காதில் விழவில்லை.

"ஏலே! கரை ஒரு கோடு மாதிரித் தெரியுதுலே... இந்தா, பையப் போகுது... போகுது... ஏலே, போயிட்டு! சுத்திச் சுத்திப் பாக்கேன், ஒண்ணுமே இல்ல! தண்ணி மட்டுந்தாம்லே!"

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் வந்தது. அப்புறம் போன் கைமாறியது. பிறகு அத்தானின் குரல், எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரல்.

"மாப்ளே... இதுக்கு முழு விலையே குடுக்கலாம்வே."

அடுத்த நொடி பழைய குரல் வந்துவிட்டது. "ஏய், இதை எழுதிக்கிழுதித் தொலைச்சிராதேயும்! தீபாவளி சேல் வருது!"

எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்ய வாயெடுத்தேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. நான் என்ன செய்ய?