அண்ணன் கம்ப்யூட்டரின் சத்தம்

என் அம்மாவுக்குத் தூக்கம் வர வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

அது என் அண்ணனுடைய கம்ப்யூட்டர். காலேஜ் படிக்கும்போது கேம் விளையாடுவதற்கென்றே பார்ட் பார்ட்டாக வாங்கி அவனே பூட்டியது. உப்பளம் என்கிற பேட்டையில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் கூடத்தைப் பிளைவுட் அடித்து இரண்டாகத் தடுத்திருந்தோம். அந்தப் பக்கம் அவனும் கம்ப்யூட்டரும், இந்தப் பக்கம் மீதிப் பேர். கம்ப்யூட்டரின் முதுகில் ஒரு சின்ன ஃபேன் உண்டு. உள்ளே சேரும் சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலை. ஒருநாள் அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே தூசி எடுக்கிறேன் பேர்வழி என்று ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு, ஒரு இறக்கையின் நுனியை உடைத்துவைத்தான். அன்றையிலிருந்து அது ‘டர்ர்’ என்று இழுத்து இழுத்து அரைக்கும், நடுநடுவே ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டும். தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் அம்மா, “டேய், அந்த மாவு மெஷின நிறுத்தித் தொலடா” என்று கத்துவாள். “ரெண்டே நிமிஷம்மா” என்பான் அவன். அவனுடைய இரண்டு நிமிஷம் எப்போது முடியும் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலூர் ரோட்டில் லாரி மோதி அண்ணன் செத்துப்போனான்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு அம்மாவுக்குத் தூக்கம் அடியோடு போய்விட்டது. மாத்திரை போட்டும் வரவில்லை. கண் இரண்டும் கோவைப்பழம். ஒருநாள் காலேஜில் ஏதோ கேட்டார்கள் என்று நான் போய் அவன் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஃபேன் அரைக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிவிட்டு நேரே அந்தப் பக்கம் போய் அம்மாவே பொத்தானை அமுக்குவாள். அதில் யாரும் வேலை செய்ய வேண்டியதில்லை, அது ஓடினால் போதும். அப்பா மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கரண்ட் பில்லைப் பற்றி ஒரே ஒரு தடவை வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வைக்கு அப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் பைக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்தபோது அம்மாவின் நம்பரைக் கொடுத்திருந்தான். பைக் அப்பளமாக நொறுங்கி, எடைக்குப் போய்விட்டது. ஆனாலும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி யாராவது ஒரு பெண் அவ்வப்போது போன் செய்வாள். சார் இருக்காரா என்று கேட்பாள். “அவன் வெளிய போயிருக்காம்மா. வந்ததும் சொல்றேன்” என்பாள் அம்மா. முதல் தடவை அதைக் கேட்டபோது நான் எழுந்து ஓடினேன். போனைப் பிடுங்கப் போன என்னை அப்பா தடுத்துவிட்டார். “விடு பாப்பா. சொல்லிட்டுப் போறா. யாருக்கு இன்னா நஷ்டம்” என்றார்.

ஆக, எங்கள் வீட்டில் அண்ணன் வெளியே போயிருந்தான். சாயங்காலமானால் திரும்பி வந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தான். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

நான் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருஷம். ப்ராஜெக்டுக்கு முப்பரிமாணத்தில் ஒரு சின்னப் படம் செய்ய வேண்டும். அண்ணனின் கம்ப்யூட்டர் அதற்கு லாயக்கில்லை. கொஞ்சம் கனமான வேலையைக் கொடுத்தால் திரை நீலமாகி அணைந்துவிடும். உப்பளத்தில் கடல் காற்று இரும்பையே விட்டுவைக்காது, கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? மாதத்துக்கொரு தரம் ரேம் தகட்டைக் கழற்றி, அதன் ஓரத்துப் பல்லில் ஏறிய களிம்பை ரப்பரால் அழித்து மாட்டினால்தான் உயிர் வரும். காலேஜ் லேபில் செய்யலாமே என்பார்கள். லேபில் இருப்பவை எங்கள் வீட்டு மெஷினுக்குத் தாத்தாக்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் கேம் விளையாடுவேன். அண்ணன் பழக்கிவிட்டதுதான். பெண் குரல் என்று தெரிந்தால் எதிர்ப்பக்கத்துப் பையன்கள் பேசும் பேச்சு சகிக்காது, அதனால் மைக்கை அணைத்துவிட்டு விளையாடுவேன். புதிதாக வந்த எந்த கேமும் அந்தப் பழைய மெஷினில் ஓடவில்லை என்பதும் என் அவசரத்துக்கு ஒரு காரணம்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சனி, ஞாயிறுகளில், பழைய பிரெஞ்சு வீடுகள் இருக்கும் ஒயிட் டவுனில் ஒரு காபிக் கடையில் தட்டு எடுத்தேன். வெளியூர்க்காரர்கள் மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துவிட்டு உள்ளே வந்து காபி நன்றாக இல்லை என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று, யாரோ விற்றது, அதைத் தாங்குகிற அளவுக்கு ஒரு பவர் சப்ளை, சேர்த்த காசு இவ்வளவுக்குத்தான் எட்டியது. இதைக் கேள்விப்பட்டு என் அத்தை, “அண்ணன் ஞாபகமா இருக்கிறதப் போயி ஏம்மா நோண்டுற” என்றாள். ஞாபகம் ஞாபகம் என்று உருகுகிறவர்கள் ஒருத்தரும் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

எனக்கு அம்மாவிடம்தான் பயம். ஒருநாள் சோறு போடும்போது மெதுவாகச் சொன்னேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

“உள்ள மாத்துனா சத்தம் மாறிடுமா?”

“மாறாதும்மா. சத்தம் அந்த ஃபேன்லேர்ந்து வருது. அத தொடவே மாட்டாங்க.”

“நீ பக்கா சொல்றியா?”

“பக்காம்மா.”

“அந்த ஃபேன் இருந்தா சரி” என்று சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்பு கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரருக்கு என் அப்பா வயது இருக்கும், நல்ல மாதிரியாகவே பேசினார். ஆனால் பேசும்போது என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். “வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலயாம்மா?” என்றார். வரவில்லை, நான்தான் வந்திருக்கிறேன் என்றேன். கார்டையும் பவர் சப்ளையையும் மட்டும் மாற்ற வேண்டும், பின்னால் இருக்கும் ஃபேனைத் தொடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். “அது கத்துமேம்மா” என்றார். கத்தட்டும் என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அது கடையில் இருந்த ராத்திரிகளில் அம்மா தூங்கவேயில்லை.

பூஜைக்கு முதல் நாள் எடுக்கப் போனேன். கடையில் ஏக ரகளை. சுத்தம் செய்து, பழையதையெல்லாம் மூட்டை கட்டி வெளியே தள்ளியிருந்தார்கள். கீழே தெருவில் வாழைக்கன்று விற்கிறவர்களின் கூச்சல். அந்தச் சந்தடியில் போட்டுக் காட்டினார். திரை அழகாக வந்தது. எந்தச் சத்தமும் காதில் விழுகிற இடமாக அது இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே புதுசு மாட்டியிருப்பதால் பூஜை போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று அம்மா அன்றைக்குப் பொத்தானைத் தொடவில்லை.

அம்மா வருஷா வருஷம் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பூஜை போடுவாள். இந்த வருஷமும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே கதம்பம் சாத்தினாள். பக்கத்தில் அரிவாள்மணை, கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்பேனர், என் புத்தகங்கள், பைக்கே இல்லாத பைக் சாவி. அப்பா கம்பெனியிலிருந்து பொரி கொண்டுவந்தார். பூஜையில் வைத்த எதையும் அன்றைக்கு எடுத்து வேலை செய்யக் கூடாது. அன்று ராத்திரி அம்மா தானாகவே சத்தமில்லாமல் படுப்பாள். “அதுக்கும் ஒரு நாளு லீவு வேணாமா” என்பாள். தூங்க மாட்டாள், ஆனால் புகார் சொல்லவும் மாட்டாள்.

மறுநாள் விஜயதசமி. தலைக்குக் குளித்துவிட்டு வந்து, கற்பூரம் காட்டி, அம்மாவே பொத்தானை அமுக்கினாள். கம்ப்யூட்டரின் சின்ன விளக்கு எரிந்தது. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். ஒன்றுமே கேட்கவில்லை.

“போட்டேனே. ஆன் ஆவலயா?”

“ஆயிடுச்சும்மா.”

அவள் குனிந்து காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். சந்தனம் கன்னத்தில் ஒட்டியது. அப்புறம் நிமிர்ந்து, “சரி” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

பின்னால் திருப்பிப் பார்த்தேன். பளபளவென்று புது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடைக்காரர் புதுச் சட்டையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் பொரித் தட்டை நீட்டினார்.

“பழைய ஃபேன் எங்க சார்?”

“எறக்க ஒடஞ்சு கெடந்துச்சும்மா. நீ தெரியாம சொல்றன்னு நெனச்சேன். புதுசே போட்டுட்டேன். அதுக்குக் காசு கூட வாங்கலயே.”

“தொடாதீங்கன்னு நான் சொன்னனா இல்லையா?”

“நல்லதுதானம்மா பண்ணேன்.”

ஏமாற்றியிருந்தால் கடையை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஒரு பெண் சொல்வதைக் காதில் வாங்காததும் அவருக்கு நல்லது செய்வதாகவே இருந்தது. இவரை எப்படித் திட்டுவது? அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. பழைய ஃபேன், பூஜைக்கு ஒழித்த குப்பையோடு தட்டாஞ்சாவடியில் ஒரு காயலான் கடைக்குப் போயிருந்தது. அவரே ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிப் போனார்.

காயலான் கடையில் அந்த மூட்டை வந்த அன்றைக்கே லாரி ஏறியிருந்தது. மிச்சம் கிடந்த குவியலில் அதே அளவில், அதே கறுப்பில் பழைய ஃபேன்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, கட்டிங் பிளேயரால் அதன் ஒரு இறக்கை நுனியைக் கடித்து எடுத்தேன். அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே உடைந்தது. மாட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

அது அரைத்தது. ஆனால் வேறு மாதிரி அரைத்தது. அந்த இழுப்பு இல்லை, ‘டக்’கும் இல்லை. ஏதோ முன்பின் தெரியாத ஆள் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது. அம்மா காது கொடுத்துக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமா பாப்பா. அதேதான்” என்றாள்.

அன்றைக்குப் படுத்தவள் அசையவேயில்லை. தூங்குகிறவள் விடுகிற மூச்சு அது இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் படுத்துக்கொண்டு நானும் தூங்குவதாகக் காட்டிக்கொண்டேன். ஒருத்தருக்காக ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தோம்.

அடுத்த நாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. “போடலயாம்மா?” என்றேன். “ஒனக்கு வேல இருந்தா போட்டுக்கோ” என்றாள். அந்தப் பொய் ஃபேனைக் கழற்றிக் கடாசிவிட்டுப் புதியதையே திரும்ப மாட்டினேன்.

கம்ப்யூட்டர் இப்போது பிரமாதமாக ஓடுகிறது. ஒரு தடவைகூடத் திரை நீலமாகவில்லை. ப்ராஜெக்ட் முடிந்தது, லெக்சரர் பாராட்டினார். அண்ணன் ஆசைப்பட்டு, கடைசிவரை அவனால் ஓட்ட முடியாமல் போன கேமைப் போட்டுப் பார்த்தேன். தங்குதடையில்லாமல் ஓடியது. கொஞ்ச நேரத்துக்கு மேல் என்னால் விளையாட முடியவில்லை.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் நான் அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தேன். கூடத்தில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கையில் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் அண்ணன் பெயரைச் சொல்லி, சார் இருக்காரா மேடம், வண்டி இன்சூரன்ஸ் விஷயமா என்றாள்.

கத்திச் சத்தம் நின்றது.

“இல்லம்மா. அவன் செத்துட்டான். ரெண்டு வருஷம் ஆவுது” என்றாள் அம்மா. “இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாத.”

அந்தப் பெண் சாரி மேடம் என்று ஏதோ முனகினாள். அம்மா போனை வைத்தாள். மறுபடி பீன்ஸ் நறுக்கும் சத்தம் வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்கு எல்லாமே கேட்டது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் ஓடும்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், கூடத்தில் பேசுவது ஒன்றுமே காதில் விழாது.