இன்னும் ஒரு சுற்று

கட்டைகளின் மேல் நிற்கும் பாய்மரப் படகின் அடியில் மல்லாந்து படுத்து, அதன் வயிற்றுக்குப் பவுடர் பூசிக்கொண்டிருக்கிறார் குழாய்க்காரர். முகத்துக்குப் போடும் பவுடர்தான். ஒற்றும் பஞ்சு மனைவியுடையது. ஒரு தும்மல் போட்டால் ஆளே மேகத்துக்குள் மறைந்துவிடுகிறார்.

"என்ன அண்ணே, அம்மணி கல்யாணத்துக்குக் கெளம்பிட்டாங்களா?" என்கிறார் படகுத்துறைக் காவலாளி.

"ஆமா. தள்ளி நில்லு, கண்ணு பட்டுரும்."

அலங்காரம் அல்ல, துப்பு துலக்கல். படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, நடுவில் ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். அந்தப் பலகை குடியிருக்கும் மரக்கூடு, படகின் முதுகெலும்பான அடிமரத்தின் மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில்தான் எங்கோ ஒழுகல். படகுக்குள் தண்ணீரை நிரப்பிவிட்டுக் கீழே பவுடர் பூசினால், எங்கே நனைகிறதோ அங்கே திருடன்.

ஊர்க் குழாய்களெல்லாம் அவர் பெயரைச் சொன்னாலே வாயை மூடிக்கொள்ளும். "ஒழுகுதா? இன்னும் ஒரு சுத்து!" என்பதுதான் அவருடைய வேதம். அவர் முறுக்கிய குழாயைத் திறப்பதற்காகவே ஒரு வீட்டில் பயில்வானை மருமகனாக எடுத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான்; ஆனால் இதுவரை யாரும் மறுக்கவில்லை.

சொந்தப் படகு மட்டும் அடங்கவில்லை. வருடா வருடம் ஒரு சுற்று கூடியது, கூடவே தண்ணீரும். போன தடவை நடு ஏரியில் மனைவி சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்து, அதாலேயே தண்ணீரை இறைத்தபடி கரை சேர்ந்தார். அன்றே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் ஒழுகிச்சுன்னா ஓட்டல்காரருக்குக் குடுத்துருவேன். வாசல்ல பூந்தொட்டியா வச்சுக்கறாராம்."

"பாய்மரத்த என்ன பண்ணுவாராம்?"

"கொடி படர விடுவாராம்."

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பவுடர் காட்டிக்கொடுத்துவிட்டது. ஈரம் ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி வட்டமாக நின்றது. கழற்றிப் பார்த்தால், உள்ளே மரம் மென்று துப்பிய குச்சிபோல நசுங்கிக் கிடந்தது. இடையில் வைத்த பசையெல்லாம் எப்போதோ பிதுங்கி வெளியேறியிருந்தது. திருடனைப் பிடிக்கப் போனவர் கண்ணாடியைப் பார்த்தது மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நைந்த மரத்தைச் செதுக்கி எடுத்துப் புதுத் துண்டுகள் பொருத்தினார். புதுப் பசை தடவினார். போல்ட் முடுக்கும் நேரத்தில் மட்டும் மனைவியைக் கூப்பிட்டு, திருகியை நீட்டினார்.

"நீ முடுக்கு. என் கை நிக்காது."

"எது வரைக்கும்?"

"பசை லேசா எட்டிப் பாக்கும். அதோட விட்டுரணும்."

"அவ்ளோதானா? இதுக்கா இத்தன வருசம் மல்லுக்கட்டுனீங்க?"

பசை காய்ந்ததும், ஒரு காலையில் படகை நீரில் இறக்கிக் கரையோரம் கட்டி, உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள். பழைய மரம் முதலில் கொஞ்சம் குடிக்கும். குடித்து உப்பினால் இடுக்கு தானே மூடிக்கொள்ளும். அதுவரை சும்மா இருப்பதுதான் வேலை. அடித்தட்டில் நீர் மினுமினுத்தது. மனைவி காலைத் தூக்கி உட்காரும் பலகைமேல் வைத்துக்கொண்டார். இவர் கை திருகி இருந்த சட்டைப்பைக்குப் போயிற்று.

"உக்காருங்க பேசாம."

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் போட்டு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி பஞ்சால் ஒற்றினார், மறுபடி நனைந்தது. ஒற்றினார், கொஞ்சமாய் நனைந்தது. வெயில் சாயும்போது ஒற்றினார். பஞ்சு நனையாமல் அப்படியே இருந்தது.

அந்நேரம் பார்த்து ஓட்டல்காரர் அளவு நாடாவோடு கரையில் வந்து நின்றார். "என்னம்மா, எடுத்துக்கலாமா?"

மனைவி காலிரண்டையும் இறக்கி அடித்தட்டில் ஊன்றினார். குனிந்து, கரையோடு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார்.