பன்னிரண்டு மணிக்கு மேல்தான் செல்லும்

அன்றைக்கு எங்கள் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவர்கள் ஐந்து பேர். லோடு பிடித்துக் கொடுக்கும் தரகரான என் முதலாளி, லாரிக்காரர், அவருடைய டிரைவர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ரசீது எழுதும் குமாஸ்தாவான நான். ஆறாவதாக ஒருவர் தெருவில் வந்துகொண்டிருந்தார். அவரை நாங்கள் யாரும் எண்ணவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு அமலுக்கு வந்த சட்டம் அது. லாரி வைத்திருப்பவர்கள், வண்டியால் அடிபடுகிறவர்களுக்காக இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். அந்தக் காகிதம் இல்லாத வண்டிக்கு லோடு கொடுப்பதில்லை என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே பயம். எழுதிய ரசீதையே மூன்று தரம் படித்துப் பார்த்து, வீட்டுக்குப் போன பிறகும் சரியாக எழுதினோமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

லாரிக்காரர் உறையூர்க்காரர். ஒரே வண்டி, அதுவும் கடனில் வாங்கியது. ஒரு வாரமாக ஏஜென்டோடு மல்லுக்கு நின்றார்.

"நான் யார் மேலயும் வண்டிய ஏத்தலையே சார். ஏத்தாததுக்கு எதுக்குங்க பணம்?"

"இது உங்க வண்டிக்கு இல்லீங்க. அடிபடுற ஆளுக்கு."

"யாரு அந்த ஆளு?"

"யாருக்குத் தெரியும்? தெரியாமலேதான் அவருக்குன்னு பணம் எடுத்து வைக்கிறாங்க."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெயர் தெரியாது, முகம் தெரியாது, இன்னும் அடிகூடப் படவில்லை. அப்படி ஒருத்தருக்காக எங்கோ ஒரு பட்டணத்தில் பெட்டியில் பணம் இருக்கிறது. இவ்வளவு பெரிய கவலையை ஒரு கம்பெனியே உட்கார்ந்து பட்டிருக்கிறதே என்று நினைத்தேன். என்னைப் போன்றவன் ஊருக்கு ஒருவன்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை லாரிக்காரர் பணத்தோடு வந்துவிட்டார். வெளியே துறையூருக்குப் போக வேண்டிய வெல்ல மூட்டைகளுடன் லாரி நின்றது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் ஃபாரத்தை நிரப்பினேன். எந்த மணியிலிருந்து செல்லும் என்று ஓர் இடம் விட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

"ராகு காலங்க. பன்னெண்டுன்னு போடுங்க. வண்டியும் பன்னெண்டுக்கு மேலதான் கிளம்பும்" என்றார் லாரிக்காரர்.

"அதுவரைக்கும் வண்டி தெருவுலதானே நிக்குது?" என்று நான் இழுத்தேன்.

"நிக்கிற வண்டி யாரைப் போய் முட்டும் தம்பி? இவருக்கு ஒரு பாலிசி எடுத்துடுங்க சார், கவலைக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு என்று எண்ணில் எழுதினேன். கடிகாரம் அடித்ததும் கையெழுத்துப் போடலாம் என்று காப்பி வரவழைத்தார்கள்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது ஒரு மாட்டு வண்டிக்காரர் வாசலில் சத்தம் போட்டார். லாரி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் லாரிக்காரர் முகத்தைப் பார்த்தான்.

"பின்னாலதானே எடுக்கப் போறே? பின்னால போறது பயணத்துல சேராது. எடு" என்றார் லாரிக்காரர். எலுமிச்சம்பழங்களை அவரே குனிந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் வாழை இலைக் கட்டைத் தலையில் சுமந்து, பாலம் தாண்டி நடந்து வந்து ஓட்டல்களுக்குப் போடுகிற ஒருவர், இளைப்பாறுவதற்காகக் கட்டை லாரிக்குப் பின்னால் இறக்கி வைத்துவிட்டுக் குனிந்திருந்தார். வலது கால் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

லாரிக்காரரே அவரைத் தூக்கி ஜட்காவில் ஏற்றி, டிரைவரைத் துணைக்கு அனுப்பினார். உள்ளே வந்தபோது வேட்டியெல்லாம் ரத்தம்.

முதலாளி கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "போலீஸ் வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம். பன்னெண்டைப் பத்தாக்கணும், ஒரே சுழிதான். வண்டியும் தப்பும், அந்த ஆளுக்கும் காசு வரும்."

ஏஜென்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் இன்னும் கையெழுத்துப் போடலை" என்று மட்டும் சொன்னார். எழுத்து என்னுடையது. அதனால் பேனா என் பக்கம் வந்தது. சுழித்தால் ஜெயில் என்று பயம். சுழிக்காவிட்டால் அந்தக் கால் என்ன ஆகும் என்று பயம். பேனாவிலிருந்து ஃபாரத்தில் மை சொட்டியது.

லாரிக்காரர் பேனாவை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். ஏழெட்டு ரூபாய்க்காக ஒரு வாரம் வாதாடிய மனுஷன்.

"பன்னெண்டுன்னு சொன்னது என் வாய். பின்னால எடுன்னு சொன்னதும் அதே வாய். இந்தத் தம்பி எதுக்குங்க பொய் எழுதணும்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பன்னிரண்டும் அடித்து ஓய்ந்த பிறகு, ரத்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு, பணத்தை எண்ணி வைத்தார்.

"அடுத்து வர்ற ஆளுக்காவது இருக்கட்டும்."

அந்தக் காகிதத்தைவிட அவரைப் பார்க்கத்தான் எனக்கு அப்போது பயமாக இருந்தது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரிப் பயம்.

போலீஸ் கேஸ், அபராதம் எல்லாம் தனியாக நடந்தது. காலுக்கு முந்நூறு ரூபாய், மாதம் பத்தாகக் கொடுப்பது என்று என் முதலாளி முன்னால் பேசி முடித்தார்கள். லாரி ஓடாத மாதத்தில்கூட அந்தப் பத்து ரூபாய் என் கைக்கு வந்துவிடும். நான் பாலம் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வழியில் பத்துத் தடவையாவது மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இலைக்காரர் நடக்கப் பழகினார், ஆனால் சுமக்க முடியவில்லை. வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து இலை விற்றார்.

இருபத்தொன்பது மாதம் வாங்கிக்கொண்டார். முப்பதாவது மாதம் லாரிக்காரர் தானே என்னோடு வந்து நோட்டை நீட்டினார். இலைக்காரர் கை நீட்டவில்லை.

"அது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. முழுசா வாங்கிட்டா காலை வித்த மாதிரி ஆயிடும்."

லாரிக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிறகு நோட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, அந்த வாசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மாதாமாதம் கொடுத்ததை எழுதி வந்த என் நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கணக்கை நான் அடித்து முடிக்கவே இல்லை. பாக்கி, ரூபாய் பத்து.