இரண்டாவது கம்பிக்கு ஒரு நிபந்தனை

வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கௌஸ் பாஷா, கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளையார்பாளையம் முனையில் கபாப் வண்டி போட்டு இருபது வருஷமாயிற்று. அவர் சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தால், தறியை விட்டு எழுந்த நெசவாளிகளின் கால்கள் தாமாக அந்தப் பக்கம் திரும்பும். கம்பியில் கோத்த ஆட்டுக்கறி ஓரமெல்லாம் கருகியிருக்க வேண்டும். கருகாததைக் கறி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார் மனிதர். மனைவி ஜுலைகா ஒவ்வொரு இலையிலும் முள்ளங்கியும் வாழைத்தண்டும் நறுக்கி வைப்பாள். அதை ஒருவரும் சீண்டியதில்லை. தெருவில் திரியும் ஆடுகள்தான் தின்று கொழுத்தன.

எழுபத்தெட்டில் ஒரு நாள் நெசவாளர் சங்கக் கூட்டத்தில் டாக்டர் மாணிக்கவாசகம் பேசினார். தீயில் கருகிய இறைச்சியில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் இருப்பதாக ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள் என்றார். அவ்வளவுதான். மறுநாள் அடுப்பு எரிந்தது, ஆளைக் காணோம். நாலு நாள் இப்படியே போக, வண்டியை மூடிவிட்டு மறுபடி மூட்டை தூக்க வேண்டியதுதானா என்று கௌஸ் பாஷா யோசிக்க ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே, டாக்டர் சாப்!"

டாக்டருக்குச் சங்கடமாகப் போயிற்று. "பாதிப் பேச்சுலயே எல்லாரும் எழுந்து போயிட்டாங்க பாய். கறியைக் கருக்காதீங்க. கூடவே நார்ச்சத்து இருக்குற காய் குடுங்க. அந்த நார் கெட்டதைப் புடிச்சிக்கினு வெளியே போயிடும்னு சில பேர் சொல்றாங்க. இன்னும் நிச்சயமாத் தெரியலை."

"எந்தக் காய்ல நார் இருக்குது?"

"வாழைத்தண்டு, முள்ளங்கி..."

கௌஸ் பாஷா தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக நாரெல்லாம் ஆட்டுக்கு, கரியெல்லாம் மனுஷனுக்கு! வீட்டுக்கு வந்து அவர் சொன்னதைக் கேட்டதும் ஜுலைகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்றே சட்டம் போட்டார். தணலைத் தாழ்த்தினார், கருகிய ஓரத்தை வெட்டி எறிந்தார். இலையில் காய் தீராமல் இரண்டாவது கம்பி கிடையாது. டாக்டரே சொன்ன வழி என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் கூவினார். முதலில் திரும்பி வந்தவர் நெசவாளி கலியன். "என்னா பாய், ஆடு திங்க வந்தவனை ஆடாவே ஆக்கிட்டியே!" என்று கிண்டலடித்துக்கொண்டே மென்றார். ஒரே வாரத்தில் பழைய கூட்டம் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்த கௌஸ் பாஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆடுகள்தான் பாவம், ஏமாந்து நின்றன.

ஒரு சாயங்காலம் டாக்டரே வந்தார். ஒரு கம்பியைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு, "இன்னொண்ணு குடுங்க பாய்" என்று கையை நீட்டினார்.

கௌஸ் பாஷா இலையை எட்டிப் பார்த்தார். வைத்த காய் வைத்தபடியே கிடந்தது.

"அதை முடிங்க டாக்டர் சாப். நீங்க சொன்னதுதானே."

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற ஆடும் ஆசையோடு இலையைப் பார்த்தது. டாக்டர் இலையை ஆட்டுக்கு எட்டாமல் நகர்த்திக்கொண்டு, ஒரு துண்டு முள்ளங்கியை எடுத்து வாயில் போட்டார்.