விரல் நின்ற இடம்

அறுபதுகளின் நடுவில், போர்ட் பிளேரில் எங்கள் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியரும் ஹேவ்லாக் தீவில் குடியேறிய வங்காளிகளின் பள்ளித் தலைமையாசிரியரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அங்கிருந்து ஓர் ஆசிரியை வந்து என் வகுப்பில் ஒரு நாள் உட்காருவார். அடுத்த மாதம் நான் போய் அவர் வகுப்பில் உட்கார வேண்டும். பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். மேலிடத்துக்கு எதுவும் போகாது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் என் பாடத்தில் என்னத்தைக் கண்டுவிடப் போகிறார்?

என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் அப்பாவுக்கு மரம் அறுக்கும் மில்லில் வேலை. மெயின்லேண்டிலிருந்து தபால் கப்பல் வந்தால், ஊர்க் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் வந்துவிடுவார்.

“பொண்ணுகிட்ட இதைக் குடுத்துப் படிக்கச் சொன்னா முழிக்குது டீச்சர். இந்த வருசமும் இப்படின்னா பள்ளிக்கூடத்தை நிறுத்திடுறேன். வீட்டு வேலையாவது கத்துக்கட்டும்.”

“கூச்சப்படுறா. வகுப்புல வந்து கேளுங்க, கணீர்னு வாசிப்பா” என்றேன். பொய் இல்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஹேவ்லாக் ஆசிரியை வந்து கடைசி வரிசையில் அந்தச் சிறுமியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வரியில் விரல் வைத்து, கூரை அதிரச் சேர்ந்து வாசித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீ குடிக்கும்போது அவர் இந்தியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். “குஸ்ஸா மத் கர்னா, தீதி.” கோபப்படாதீங்க அக்கா என்கிறார். “பாஷை தெரியாததால விரலைத்தான் பார்த்துட்டிருந்தேன். எல்லா விரலும் அடுத்த வரிக்குப் போச்சு. என் பக்கத்துப் பொண்ணோட விரல் மட்டும் நின்ன இடத்துலயே நின்னுச்சு.”

கோபம் வந்தது. அவர் போனதும் அவளைத் தனியாக அழைத்து, நடத்தாத பாடத்தைத் திறந்து கொடுத்தேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. முதல் சொல்லை நான் எடுத்துக் கொடுப்பேன் என்று என் முகத்தையே பார்த்தாள். கூட்டத்தோடு கோவிந்தா போட்டே குழந்தை மூன்றாம் வகுப்புவரை வந்திருக்கிறது. அவமானமாக இருந்தது.

பதிலுக்கு ஒரு குறையாவது சொல்லாமல் திரும்புவதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் ஹேவ்லாக்குக்குப் படகேறினேன். அங்கே யாரும் சேர்ந்து வாசிக்கவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, ஒவ்வொன்றிலும் வேறு வரி; தனித்தனியாக வாசித்தார்கள். குறை சொல்லப் போனவள் அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். குறையும் கிடைத்தது: நான் உட்கார்ந்த மூலைக்கு, ஜன்னல் வெளிச்சத்தில் கரும்பலகை பாதி தெரியவில்லை.

நான் சொன்னதும், “மூணு வருசமா நின்னுக்கிட்டே நடத்துறேன், ஒரு நாளும் அங்க உட்கார்ந்து பார்க்கலையே!” என்று தலையில் தட்டிக்கொண்டு, அப்போதே பலகையை இடம் மாற்றினார். அவருக்குக் கோபமே வரவில்லை. என்னை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

நானும் சீட்டு எழுதத் தொடங்கினேன். அந்தச் சிறுமிக்கு மட்டும், அவள் அப்பாவுக்கு நான் படித்துக் காட்டிய பழைய கடிதங்களிலிருந்தே வரிகள் எடுத்தேன். ‘மாடு கன்று போட்டது.’ ‘இங்கே மழை இல்லை.’ தினமும் தனியாக, விரல் வைத்து.

ஆண்டு முடியும் முன் ஒரு கப்பல் வந்தது. அவள் அப்பாவுக்காகச் சாயங்காலம்வரை பள்ளியிலேயே இருந்தேன். வரவில்லை. மறுநாள் அவளிடம், கடிதம் வரவில்லையா என்று கேட்டேன்.

“வந்துச்சு டீச்சர். நானே படிச்சுட்டேன்.”

அடுத்த படகிலேயே ஹேவ்லாக்குக்கு இந்தியில் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வீட்டில் கடிதம் படித்துவிட்டாள். ரொம்ப நன்றி, தீதி.