இளைத்தவருக்குத் தைக்காத கடை

பேண்டை உள்பக்கமாகப் புரட்டி, இடுப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வந்த கைக்கே திருப்பித் தள்ளிவிட்டாள் டேப்பக்கா. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர் தெருவில் கிடையாது.

“பிடிச்சுத் தர முடியாது. முதல்ல ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாரு.”

எதிரே நின்றவன் வேற்றாள் இல்லை. அவள் புருஷனின் கூடப்பிறந்த தம்பி. கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். போட்டிருந்த பேண்டையும் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

“துணியைக் குடுத்தா தைக்கணும் அண்ணி. நீங்க என்ன டாக்டரா?”

கடைச் சட்டம் அது. காரணம் தெரியாமல் இளைத்துவந்து யார் துணியைப் பிடிக்கச் சொன்னாலும், சோதனை முதலில், தையல் பிறகு. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் உண்டு. அதில் சிலர் மருந்துப் பையோடு திரும்பி வந்ததும் உண்டு.

சட்டம் பிறந்த கதை, கடை மூலையில் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறது: அவள் புருஷன். அன்று அவர் இளைக்க இளைக்க, “மாப்பிள்ளைக் களை வந்திருச்சு” என்று பூரித்து, மிச்சத் துணியை வெட்டி வெட்டி எறிந்து பிடித்துக் கொடுத்தாள். தையல் இம்மி பிசகவில்லை. சர்க்கரை நோய் என்று தெரிவதற்குள் காலில் புண் முற்றி, ஒரு பாதத்தை எடுத்தாயிற்று. “செருப்புச் செலவு பாதி” என்று அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அவள் சேர்ந்துகொண்டதே இல்லை.

“ஆஸ்பத்திரி திறக்கிற நேரந்தான் கிடங்கும் திறக்குது. வரிசையில நின்னா கூலிய யார் தருவா?” என்றான் தம்பி.

நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் முன்பே ஒருநாள் சுகாதார நிலையத்து நர்ஸிடம் போய் நின்றாள். “அவங்க உங்ககிட்ட வரமாட்டாங்கம்மா. தைக்க என்கிட்ட வந்துதானே ஆகணும்? நீங்க இங்க வந்திருங்க.” அன்றுமுதல் வாரம் ஒரு நாள், வேலை விடுகிற நேரத்துக்கு நர்ஸ் வருகிறாள். டீக்கடைக்காரர் பெஞ்சு தருகிறார். இஸ்திரிக்காரி துணி கொடுக்கப் போகிற வீட்டிலிருந்தெல்லாம் ஆளையும் கிளப்பிக் கூட்டிவருகிறாள்.

“இன்னிக்கு நர்ஸம்மா வர்ற நாளு. உக்காரு.”

“ஊசின்னா எனக்கு...”

“மூட்டை தூக்குற மலைக்கு எறும்புக்கடி பயமா?”

மூலையிலிருந்து அண்ணன் தலை நிமிராமலே சொன்னார்: “உக்காருடா. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே ஜோடி செருப்பு போதும்னு பாக்குறியா?”

சிரிக்க வாய் திறந்தவன், சிரிக்காமல் உட்கார்ந்தான்.

விரலில் குத்திப் பார்த்தாள் நர்ஸ். பாதம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சர்க்கரை ரொம்ப இருக்கு. ஆனா கால் நல்லாயிருக்கு, நேரத்தோட மாட்டினீங்க. நாளைக்கே டாக்டரைப் பாருங்க. மருந்து ஒழுங்கா எடுத்தா உடம்பு தேறிடும்.”

“நாளைக்குக் கடை லீவு. நானும் வர்றேன்” என்றாள் டேப்பக்கா.

பிறகு பேண்டைக் கேட்டு வாங்கினாள். இடுப்பில் இரண்டு பக்கமும் மடித்தாள். கத்தரிக்கோலைத் தொடவில்லை. மிச்சத் துணியை முழுசாக உள்ளே விட்டு, இழுத்தால் உருவிக்கொண்டு வரும்படி, நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டாள்.